சென்சார் லேபில் தனித்தனியாக மார்க் போடுவது எப்படி?

வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் சென்சார் பாடம் எடுக்கிறேன். தியரியும் லேபும் சேர்ந்தது. இன்டர்னல் 50, செமஸ்டர் தேர்வு 50. லேபில் நாலு பேருக்கு ஒரு மேஜை. ஒருவர் வயரிங் செய்ய, மற்ற மூவரும் ரீடிங்கைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். ரெக்கார்டில் நால்வருக்கும் ஒரே மார்க். உழைத்த பிள்ளைக்கு இது அநியாயம்.

போன வாரம் ஒன்று செய்து பார்த்தேன். வெப்பநிலையை அளக்கும் பிடி 100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் சுமார் 138.5 ஓம் காட்ட வேண்டும். அந்த ஓம் மாற்றத்தை அளக்கும் வீட்ஸ்டோன் பிரிட்ஜ் சர்க்யூட்டில் வேண்டுமென்றே ஒரு ரெசிஸ்டரை மாற்றி வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுத் தவறைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். தேர்வில் எழுதத் திணறும் ஒரு மாணவி, மல்டிமீட்டரை எடுத்து இரண்டே நிமிடத்தில் பிடித்துவிட்டாள். அவளுடைய இன்டர்னல் மார்க்கோ வகுப்பிலேயே குறைவு. மனசு கேட்கவில்லை.

ஆனால் 60 பேருக்கும் இப்படிச் செய்ய நேரம் போதாது. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) எவ்வளவு மார்க், பழுது கண்டுபிடிக்க எவ்வளவு என்று நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்? அப்புறம், ரீடிங் தப்பாக வந்தாலும் காரணத்தைச் சரியாகச் சொன்னால் முழு மார்க் தரலாமா? மார்க் பிரிக்கும் அட்டவணை யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். அடுத்த மாதம் மாடல் பிராக்டிகல். அதற்குள் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.