பிவிஎன் நியூரானில் காபா ரிவர்சல் நகரவே மாட்டேன் என்கிறது

கேள்வி (ஜோஹன்னஸ்பர்க்):
எலியை 30 நிமிடம் குழாயில் அடைத்து, ஹைப்போதலாமஸில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களை இயக்கும் பிவிஎன் பகுதியில் 300 மைக்ரான் ஸ்லைஸ் எடுத்து, 32 டிகிரியில் ஹோல்-செல் பேட்ச் (கண்ணாடி பிப்பெட்டை செல்லில் ஒட்டி, சவ்வைத் திறந்து மின்னோட்டம் அளப்பது) செய்கிறேன். ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பின் குளோரைடை வெளியே அனுப்பும் கேசிசி2 டிரான்ஸ்போர்ட்டர் தளர்ந்து, குளோரைடு செல்லுக்குள் தேங்கி, நியூரானை அடக்கும் காபாவின் பிடி விட்டுப்போகும் என்று 2009-இல் கால்கரி குழு காட்டியது. எனக்கோ காபாவின் ரிவர்சல் (அதன் மின்னோட்டம் திசை மாறும் வோல்டேஜ்) கன்ட்ரோல், ஸ்ட்ரெஸ் இரண்டிலும் −65 மில்லிவோல்ட்தான். பிப்பெட்டில் குளோரைடு 10 மில்லிமோலார், வெளியே 130. எங்கே சறுக்குகிறது?

பதில் 1 (டர்பன்):
தம்பி, அந்த −65 எலியுடையது இல்லை, பிப்பெட்டுடையது. நெர்ன்ஸ்ட் சமன்பாடு (உள்ளே, வெளியே உள்ள செறிவிலிருந்து வோல்டேஜ் தருவது) போட்டுப் பாருங்கள்: 10-க்கு 130, −67 வரும், பைகார்பனேட் கொஞ்சம் மேலே இழுக்கும். ஹோல்-செல்லில் செல்லின் சொந்தக் குளோரைடு பிப்பெட் கரைசலில் கரைந்து போய்விடுகிறது.

கிராமிசிடின் பெர்ஃபோரேட்டட் பேட்ச் போடுங்கள், அதாவது சவ்வைக் கிழிக்காமல் கிராமிசிடின் மருந்தால் துளை போடுவது. அதன் துளை வழியே பொட்டாசியமும் சோடியமும் போகும், குளோரைடு போகாது. பிப்பெட் நுனியில் மட்டும் மருந்தில்லாத கரைசல், இல்லையென்றால் சீல் பிடிக்காது. அக்ஸஸ் ரெசிஸ்டன்ஸ் (பிப்பெட்டுக்கும் செல்லுக்கும் இடையிலான மின்தடை) இறங்க அரை மணி நேரம்கூட ஆகும், அவசரப்பட்டு உறிஞ்சாதீர்கள். பிப்பெட்டில் பொட்டாசியம் குளோரைடு 150 மில்லிமோலார் வையுங்கள்: சவ்வு கிழிந்தால் ரிவர்சல் சட்டென்று 0 பக்கம் தாவும், அந்த செல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம். நியூரானைத் தூண்டும் குளுட்டமேட்டை, அதைத் தடுக்கும் மருந்துகளான டிஎன்க்யூஎக்ஸ் 10, ஏபி5 50 மைக்ரோமோலாரில் அடைத்துவிடுங்கள்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் கன்ட்ரோலும் கன்ட்ரோல்தானா? கூண்டை லேபுக்குத் தூக்கி வந்தாலே அதற்கு ஸ்ட்ரெஸ்தான். வெட்டும்போது கொஞ்சம் ரத்தம் எடுத்து ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோன் பாருங்கள். எலிக்கு அது அந்தி நேரத்தில் உச்சம், ஆகவே எல்லாம் காலையிலேயே.

செல்லும், ஸ்ட்ரெஸ் ஹார்மோன் தொடரைத் துவக்கும் சிஆர்எச் செல்தானா? −100 மில்லிவோல்ட் வரை இறக்கிவிட்டு மேலே ஏற்றும்போது முதல் ஸ்பைக் தாமதமானால் அது பெரும்பாலும் மேக்னோசெல்லுலார் (ஆக்ஸிடோசின், வாசோப்ரெசின் சுரக்கும் பெரிய செல்). விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஜோஹன்னஸ்பர்க் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதே 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு ஊதினாலும் கரைசலின் பிஎச் ஏறத்தாழ 0.08 கூடும். மீட்டரை நம்புங்கள், ரெசிப்பியை அல்ல.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. கன்ட்ரோல் ஸ்லைஸில் ஸ்ட்ரெஸ்ஸில் வெளியாகும் நார்அட்ரினலினை நேரடியாக ஊற்றினால்?

பதில் 1:
ஊற்றலாம். நார்அட்ரினலினின் ஆல்ஃபா-1 ரிசெப்டர் வழியாகத்தான் கேசிசி2 தளர்கிறது. அதனால் அந்த ரிசெப்டரை அடைக்கும் ப்ரசோசின் முதலில் கொடுத்த ஸ்லைஸ் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.