தினம் கீரை சாப்பிட்ட அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்

காட்பாடிக்காரி:

எங்கள் அம்மாவுக்கு 58 வயது. போன வருஷம் இடது மார்பில் கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லாததால் கொழுப்புக் கட்டி என்று நினைத்து நாலு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பயாப்சி முடிவு வந்த அன்று அவர் அழவில்லை. "தினம் கீரை சாப்பிட்டவடி நான், எனக்கு எப்படி வந்துச்சு?" என்றுதான் கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. கொல்லையில் முருங்கை மரம், வேலியோரம் பொன்னாங்கண்ணி. ஆயா காலத்திலிருந்தே கீரை இல்லாத நாள் எங்கள் வீட்டில் குறைவு.

டாக்டரம்மாவிடமும் அதையே கேட்டார். அவர் பொறுமையாக விளக்கினார். கீரை, கேரட், பப்பாளியில் இருக்கும் கரோட்டின் வகைகள் ரத்தத்தில் அதிகமுள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஓரளவு குறைவாக வருகிறதாம். 8 ஆய்வுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வித்தியாசமும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் செல்லில் போய் ஒட்டும் இடம்) இல்லாத வகையில்தான் நன்றாகத் தெரிந்ததாம். அம்மாவுக்கு வந்தது ஏற்பி உள்ள வகை. "வயசு, பரம்பரை, மாதவிடாய் நின்னப்புறம் ஏறுற எடை, இதெல்லாம் இருக்குதும்மா. கீரை சாப்பிட்டது வீண் இல்லை. ஆனா வராமலே தடுத்துடும்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். அம்மா தலையாட்டினார். சமாதானம் ஆன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சொந்தக்காரர் ஒருவர் 'ஆன்டி ஆக்சிடன்ட்' மாத்திரை டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கீமோ நடக்கும்போதே, இரண்டு தவணை வரை, எங்களுக்குத் தெரியாமல் அம்மா அதைப் போட்டிருக்கிறார். கீரைக்குள் இருக்கும் அதே சத்துதானே, கூடக் கொஞ்சம் இருந்தால் நல்லதுதானே என்பது அவர் கணக்கு. மூன்றாவது தவணைக்குப் போனபோது பையில் டப்பாவைப் பார்த்த டாக்டரம்மா உடனே நிறுத்தச் சொன்னார். சில கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும், செல்லுக்குள் ஃப்ரீ ராடிக்கல் என்ற, செல்லைச் சிதைக்கும் மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டுத்தான் புற்றுச் செல்லைக் கொல்கின்றன. அவற்றை அடக்கும் சத்தை மாத்திரையாக அள்ளிப் போட்டால், புற்றுச் செல்லுக்கே அது கவசமாகிவிடலாம். அமெரிக்காவில் 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் கேட்டு எழுதிய ஒரு ஆய்வில், கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் இந்த மாத்திரைகளைப் போட்டவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. போட்டவர்கள் எண்ணிக்கை குறைவு, அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். சாப்பாட்டில் வரும் கீரைக்குத் தடை இல்லை.

அணைக்கட்டு விவசாயி:

நான் இலவம்பாடி முள்ளுக் கத்திரி போடுகிறவன். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஊருக்கே சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் சந்தையில் பக்கத்துக் கடைக்காரர், "ஊதாத் தோல்ல இருக்கிறது கேன்சரை அடிச்சுடும்" என்று கூவி விற்கிறார்! ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின். அதுவும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான், அதாவது ஆன்டி ஆக்சிடன்ட், என்பது உண்மை. சோதனைக் குழாயில் நன்றாக வேலை செய்கிறது. தின்ற பின் ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். என் வியாபாரத்துக்கு எதிராக நானே பேசுகிறேன் போல. எண்ணெய்க் கத்திரிக்காயின் ருசிக்காக வாங்குங்கள், போதும். என் அக்காவை இழந்த வீடு இது. அந்தக் கூவல் காதில் விழுந்தால் எரிகிறது.

ராணிப்பேட்டை நர்ஸ்:

காட்பாடித் தங்கச்சி, அம்மா மறைத்ததற்கு அவரைத் திட்டாதீர்கள். வார்டில் நான் பார்த்த பாதிப் பேர் "வலிக்கலையே" என்றுதான் சொன்னார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மாத்திரை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் போட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994-ல் முடிவு வந்தபோது எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். அது வேறு புற்றுநோய், வேறு ஆட்கள்; ஆனாலும் மாத்திரையும் கீரையும் ஒன்றில்லை என்பதற்கு இதைத்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வேன்.

கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். கொஞ்சம் எண்ணெயில் தாளித்தால்தான் கரோட்டின் உடம்பில் சேரும். கீமோ சமயத்தில் வெள்ளையணுக்கள் குறையும், அதனால் பச்சையாகச் சாப்பிடுவதைவிட நன்றாகக் கழுவி வேகவைத்ததே நல்லது.

காட்பாடிக்காரி:

நன்றிக்கா. கதிர்வீச்சு முடிந்துவிட்டது. இப்போது ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை போடுகிறார். காலையில் விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது, முருங்கைக்கீரை உருவக்கூட முடியவில்லை என்கிறார். அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் சொல்லப்போகிறோம். இங்கே யார் வீட்டிலாவது இப்படி இருந்ததா? எத்தனை மாதத்தில் குறைந்தது?