புதுப்பிப்பு: பழைய பைத்தான் நிரலை ஒரே கமிட்டில் சீரமைத்துவிட்டோம்

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: நாங்கள் சிலர் பராமரிக்கும் திறமூல நிரல் முழுவதையும், இடைவெளி, வரி அமைப்பு போன்றவற்றைத் தானாக ஒழுங்குபடுத்தும் பிளாக் கருவியால் ஒரே அடியாகச் சீரமைக்கலாமா என்று. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் 'கிட் பிளேம்' கட்டளையைப் போட்டால் வரிக்கு வரி சீரமைத்தவர் பெயர்தான் நிற்கும், முதலில் யார், ஏன் எழுதினார்கள் என்ற தடயம் மறைந்துவிடும் என்ற கவலை. நியாயமான கவலைதான்.

செய்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே வந்த ஒரு பதில்தான் வழிகாட்டியது. 2019இல் வெளியான கிட் 2.23 முதல், குறிப்பிட்ட கமிட்களை (பதிவு செய்த மாற்றங்களை) தாண்டிப் போகும்படி பிளேமிடம் சொல்லலாம். சீரமைத்த கமிட்டின் அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்தோம். அவரவர் கணினியில் ஒருமுறை அந்தக் கோப்பைக் காட்டினால் போதும். பழைய பெயர்கள் அப்படியே தெரிகின்றன. பார்த்தபோது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

ஒரு இடத்தில் மட்டும் அடி விழுந்தது. அலகு மாற்றத்துக்கான எண் அட்டவணை ஒன்றை, தசமப் புள்ளிகள் நேர்க்கோட்டில் வரும்படி யாரோ இடைவெளி விட்டு விட்டு அடுக்கியிருந்தார். பிளாக் அத்தனை இடைவெளியையும் சுருக்கிவிட்டது. பழையபடி மீட்டு, மேலும் கீழும் 'தொடாதே' குறிப்பு போட்டிருக்கிறேன். அந்த உழைப்பை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வரியின் நீளம் அதிகபட்சம் 79 எழுத்தா 88 எழுத்தா என்ற சண்டை? கருவியின் இயல்பான 88ஐயே விட்டுவிட்டோம். அப்புறம், இதைச் செய்யப்போகிறவர்கள் பிளாக்கின் பதிப்பை எல்லோருக்கும் ஒன்றாகப் பூட்டி வையுங்கள்.