சுருதி சேராத ‘மியூசிக் மைனஸ் ஒன்’ தட்டு: ஸ்ட்ரோப் சரி என்கிறது, வயலின் இல்லை என்கிறது

வில்லும்விரலும்:
வணக்கம். சென்னையில் இருக்கிறேன். வெஸ்டர்ன் வயலின் பதினோரு வருடமாக வாசிக்கிறேன், வீட்டுக்குள் மட்டும். நியூஜெர்சியில் இருந்த பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது தன் ரெக்கார்டு பிளேயரையும் எல்பி தட்டுகளையும் எனக்கு அனுப்பிவைத்தார். அதில் ஏழு தட்டுகள் ‘மியூசிக் மைனஸ் ஒன்’. ஆர்கெஸ்ட்ரா முழுக்க வாசிக்கும், சோலோ மட்டும் இருக்காது. அதை நாம் வாசிக்க வேண்டும், நோட்டேஷனும் உறைக்குள்ளேயே இருக்கிறது.

மோட்சார்ட்டின் 5ஆம் வயலின் கான்செர்ட்டோவைப் போட்டேன். அது ஏ மேஜர். ஆனால் தட்டில் கேட்பது எஃப் ஷார்ப் மாதிரி. தொடக்கத்தில் சுருதி சேர்க்கக் கொடுத்திருக்கும் ‘ஏ’வை டியூனர் ஆப்பில் பார்த்தால் 367 ஹெர்ட்ஸ் காட்டுகிறது, 440 வர வேண்டும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பிளேயரோடு வந்த ஸ்ட்ரோப் அட்டையை (வேகத்தைச் சரிபார்க்கக் கோடுகள் போட்ட வட்ட அட்டை) குண்டு பல்பு வெளிச்சத்தில் சுழலவிட்டேன். கோடுகள் அசையாமல் நிற்கின்றன. அப்படியானால் வேகம் சரிதானே? தட்டே தப்பாக அச்சானதா?

இந்தக் கான்செர்ட்டோவில் வயலின் முதலில் நுழைவது ஒரு சின்ன அடாஜியோவில், அதாவது மெதுவான பகுதியில். கீழே ஆர்கெஸ்ட்ரா மெல்லச் சலசலத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஒரு முறையாவது ஆர்கெஸ்ட்ராவோடு நிற்க வேண்டும் என்பது பல வருட ஆசை. இங்கே என்னைப் போன்றவர்களுக்கு அதற்கு வேறு வழி இல்லை.

கடம்நாதன்:
பெல்ட் தளர்ந்திருக்கும் மேடம். பழைய ரப்பர். புதுசு மாற்றுங்கள்.

வில்லும்விரலும்:
மாற்றிவிட்டேன் சார். அதே 367.

பக்கவாத்தியம்:
நாங்கள் பாடகரின் கட்டைக்கு, அதாவது சுருதிக்குத் தக்கபடி தந்தியை இறக்குவோமே, அப்படிச் செய்தால் என்ன? தட்டு நாலரைக் கட்டையில் ஓடுகிறது, நீங்களும் நாலரைக்கு இறங்குங்கள்.

வில்லும்விரலும்:
யோசித்தேன் அண்ணா. சுருதி சேரும், ஆனால் காலப்பிரமாணமும் அல்லவா விழுந்திருக்கிறது? வேகமான அலெக்ரோ நடை தள்ளாடுகிறது. ஸ்டீல் தந்தியை அவ்வளவு இறக்கினால் நாதமும் போய்விடும்.

பழையதட்டு:
தட்டில் குறை இல்லை, பெல்ட்டிலும் இல்லை. உங்கள் 367தான் விடை. 440ஐ ஆறால் வகுத்து ஐந்தால் பெருக்குங்கள்: 366.7. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. அதே ஆறுக்கு ஐந்து. இந்த வகை பிளேயரின் சிங்க்ரனஸ் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு சுற்றும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், அதிர்வெண்ணைத் தொடாது. ஆறுக்கு ஐந்து என்பது சாதாரண காந்தாரத்துக்கும் சட்ஜத்துக்கும் உள்ள தூரம். ஆறு கட்டைத் தட்டு நாலரையில் ஒலிப்பது அதனால்தான்.

ஸ்ட்ரோப்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. அட்டையில் கோடுகளை எண்ணிப் பாருங்கள், 216 இருக்கும். அது 60 ஹெர்ட்ஸ் ஊருக்கானது, இங்கே 180 கோடு வேண்டும். நம் பல்பு நிமிடத்துக்கு 6,000 முறை மினுக்குகிறது. 6,000ஐ 216ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 27.8 சுற்று; எல்பிக்கு வேண்டியது 33⅓. தட்டு அந்த வேகத்தில் சுற்றும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். பிளேயரும் அட்டையும் ஒரே அளவு தவறுகின்றன, அதனால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்க முடியாது. மின்சாரத்தை நம்பாத கடிகாரம் வேண்டும். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, கைபேசியில் மூன்று நிமிடம் வைத்து எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். நூறு வர வேண்டும். உங்களுக்கு 83 வரும்.

வில்லும்விரலும்:
83 சுற்று முடிந்து 84இல் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அட்டையில் 216 கோடு. நம்பவே முடியவில்லை. மிக்க நன்றி சார். இனி என்ன செய்வது? பிளேயரை 45 வேகத்தில் போட்டால்?

பழையதட்டு:
45 இங்கே 37.5 ஆகும். ஒரு முழு சுரம் மேலே போய்விடும், உதவாது.

நிலையான வழி, மோட்டாரின் புல்லியை (பெல்ட் ஓடும் சின்ன உருளையை) மாற்றுவது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள். வெறுமனே 1.2 மடங்கு என்று சொல்லிவிடாதீர்கள். புல்லியின் விட்டத்தோடு பெல்ட்டின் தடிமனைச் சேர்த்து 1.2ஆல் பெருக்கி, பிறகு தடிமனைக் கழிக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் புல்லி, 0.6 பெல்ட் என்றால் 12.12 வரும், 12 அல்ல. அந்த 0.12ஐ விட்டால் தட்டு ஒரு சதவீதம் மெதுவாகும். உங்கள் காதுக்கு அது தெரியும். மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள், 50இல் கூடுதலாகச் சூடாகும். டிரான்ஸ்பார்மரில் 100 வோல்ட் முனை இருந்தால் அதில் போடுங்கள்.

அதுவரை: இப்போதுள்ள வேகத்திலேயே கணினியில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ‘வேகத்தை மாற்று’ போய் 20 சதவீதம் கூட்டுங்கள். ‘சுருதியை மாற்று’ அல்ல, அது காலப்பிரமாணத்தை அப்படியே விட்டுவிடும். ஒலியின் நிறம் சற்று மாறலாம், வாசிப்புக்குத் தடையில்லை.

இந்தத் தட்டுகளைத் தூக்கிப் போடாமல் கேட்க வந்தீர்களே, அதற்காகவே இவ்வளவு எழுதினேன். ‘மியூசிக் மைனஸ் ஒன்’ இர்வ் கிராட்கா என்பவர் 1950இல் நியூயார்க்கில் தொடங்கியது. தனியறையில் வாசிப்பவர்களுக்காக ஒரு குழுவையே உட்காரவைத்து, ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுப் பதிவு செய்தார்கள். ஊசி தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பள்ளம் அழிந்தால் திரும்ப வராது.

பக்கவாத்தியம்:
இந்த இழையால் எனக்கும் ஒரு சந்தேகம். என்னிடம் ஜேமி ஏபர்சோல்டின் ஜாஸ் தட்டு ஒன்று, இதேபோல் சேர்ந்து வாசிப்பதற்கானது, 1967இல் வந்த முதல் தொகுதி. ஒரு ஸ்பீக்கரில் பியானோவே கேட்கவில்லை. பழுதா?

பழையதட்டு:
இல்லை தம்பி, வேண்டுமென்றே செய்தது. பியானோ ஒரு பக்கம், பாஸ் மறுபக்கம். பியானோ பழகுபவர் பேலன்ஸ் திருகைத் திருப்பி பியானோவை அடைத்துவிட்டுத் தானே வாசிக்கலாம்.

வில்லும்விரலும்:
புல்லி பட்டறையில் இருக்கிறது, வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். நேற்று இரவு ஆடாசிட்டி வழியில் செய்து பார்த்தேன். டியூனரில் 440. அந்த அடாஜியோவில் நுழையும்போது வில் நடுங்கி முதல் சுரத்தையே விட்டுவிட்டேன். ஆர்கெஸ்ட்ரா நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஆறாவது முறை சேர்ந்து வாசித்தேன். பெரியப்பாவுக்கு போனில் போட்டுக் காட்டினேன்.