கறையொட்டாப் பூச்சும் கறைவிடு பூச்சும்

துணியிலும் தரையிலும் கறை படியாமல் காக்கும் மெல்லிய பலபடிப் (பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பொருள்) பூச்சுக்குத் தமிழில் 'கறை எதிர்ப்பி' என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிர்ப்பி என்றால் கறையோடு மல்லுக்கு நிற்பது போலத் தோன்றுகிறது. அங்கே சண்டையே நடப்பதில்லை. துளியைத் திரட்டிப் பிடிக்கும் விசைக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். நீருக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்க்கு அதில் பாதிக்கும் குறைவு. திரவத்தைத் தன்மேல் இழுத்துப் பரப்பும் திறனான பூச்சின் பரப்பு ஆற்றல் இவற்றைவிட நன்றாகத் தாழ்ந்திருந்தால் துளி பரவ மனமின்றி உருண்டு நிற்கிறது. சிலிக்கோன் தண்ணீரை நிறுத்தும், எண்ணெயிடம் தோற்கும். ஃப்ளோரின் சேர்ந்த பலபடி இரண்டையும் நிறுத்தும். தாமரை இலைத் தண்ணீரைப் பார்த்து நம் முன்னோர் சொன்ன 'ஒட்டாமை' இதுதான். ஆகவே 'கறையொட்டாப் பூச்சு' என்கிறேன். 'கறைநீக்கி' வேண்டவே வேண்டாம். அது சோப்புக் கடைச் சரக்கு.

ஆனால் ஒரு சொல் போதாது. பாலியெஸ்டர் துணிக்கு வேறொரு பூச்சு இருக்கிறது. அது கறையைத் தடுக்காது, துவைக்கும்போது எளிதாகப் போகவைக்கும். நீரை விரும்பும் அந்தப் பலபடி, இழைக்கும் எண்ணெய்க்கும் நடுவே சலவைத் தண்ணீரை நுழையவிடுகிறது. ஒன்று வாசலிலேயே நிறுத்துவது, மற்றது வந்ததை வழியனுப்புவது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் துணி வாங்குபவர் ஏமாறுவார்.

இரண்டாவதற்கான சொல்லை எனக்குக் கொடுத்தவர் அப்பத்தா. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுக்கப் போனால் விலையைக் கேட்பதற்கு முன் அவர் கேட்பது, "சாயம் விடுமா?" என்பதுதான். சாயம் துணியை விட்டுப் போவது சாயம் விடுதல் என்றால், கறை துணியை விட்டுப் போவது கறை விடுதல். 'கறைவிடு பூச்சு' என்றால் அப்பத்தாவுக்கும் புரியும். கஞ்சி போட்ட துணியில் அழுக்கு கஞ்சியோடு சேர்ந்தே போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். கஞ்சியும் பலபடிதானே!

'பூச்சு' என்ற பகுதியிலும் எனக்குத் தயக்கம் இருந்தது. செட்டிநாட்டில் பூச்சு என்றதும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த, கை வைத்தால் குளிரும் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. துணியில் அப்படி ஒரு தளம் கிடையாது. துணியைக் கரைசலில் தோய்த்து, உருளைகளுக்கிடையே பிழிந்து, உலர்த்தி, 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். ஒவ்வோர் இழையும் தனித்தனியே போர்த்தப்படுகிறது. இழைகளின் இடைவெளி அடைபட்டால் காற்று புகாது, சேலை மழைக்கோட்டு ஆகிவிடும். 'தோய்ப்பு' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். துணி தோய்ப்பதென்றால் பலருக்குத் துவைப்பதுதான். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இரும்பின் அரிமானத்தை, அதாவது துருப்பிடித்து அரிபடுவதைத் தடுக்கும் பூச்சுகளை ஆராய்கிறார்கள். அங்கே பொருந்தும் சொல் இங்கும் பொருந்தட்டும்.

பெயரில் 'ஃப்ளோரின்' வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். 1953-இல் அமெரிக்காவின் 3எம் ஆய்வகத்தில் ஒரு காலணிமேல் தற்செயலாகச் சிந்திய திரவத்திலிருந்து பிறந்தது ஸ்காட்ச்கார்டு என்ற ஃப்ளோரின் சேர்ந்த கறையொட்டாப் பூச்சு. அதன் பழைய வேதிப்பொருள் சூழலில் சிதையாமல் தங்குவதால் 2000-இல் அதைக் கைவிடுவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. 2009-இல் அப்பொருள், சூழலில் நெடுநாள் தங்கும் நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்ந்தது. வேதியியல் மாறிக்கொண்டே இருக்கும். வேலையைச் சொல்லும் பெயர்தான் நிலைக்கும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாத சிமெண்டுக் கல், நுண்துளைகள் கொண்டது. எங்கள் வீட்டு வளவில் பந்தியின்போது சிந்திய குழம்பின் மஞ்சள் இன்னும் போகவில்லை. இப்போது கடைகளில் கல்லில் கறை இறங்காமல் காக்கும் 'சீலர்' விற்கிறார்கள். அதில் ஒரு வகை கல்லுக்குள் ஊறி, துளைகளை அடைக்காமல் அவற்றின் உட்சுவரில் படிகிறது. மேலே ஒன்றும் தங்காததால் இதைப் பூச்சு என்பது பொய்யாகிவிடும். 'ஊறுகாப்பு' என்றால் ஊறுகாய் நினைவு வருகிறது. 'ஊறல் காப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆத்தங்குடிப் பட்டறையில் கல் போடுகிறவர்களிடம் கேட்காமல் இதை உறுதி செய்ய மாட்டேன்.