உதவி தேவை: ஒரே கப்பல் முற்றுகையின் இரண்டு பக்கமும்! அட்டவணை இடிக்குது, அவசரம்

முத்துச்சிப்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு நீராவிக்கப்பலோட பணி வரலாற்றை அட்டவணையா போட்டுக்கிட்டிருக்கேன், மாதிரிக் கப்பல் கண்காட்சிக்கு. 1863-ல, துறைமுகத்தைக் கப்பல்களால அடைச்ச முற்றுகையைத் தாண்டி சரக்கு கொண்டு போகுது. 1865 ஜனவரில அதே ஊர் வாசல்ல, முற்றுகை போட்ட கடற்படையோட நின்னு கோட்டையைச் சுடுது. நடுவுல ஏழெட்டு மாசம் ஒரு தகவலும் இல்ல. எந்த வருஷம் தப்பு? நாளைக்கு சாயங்காலம் அச்சுக்குப் போகுது. ப்ளீஸ், யாராச்சும்.

சுக்கான்:
கப்பல் பேர் என்ன? எந்தப் போர்? எந்த ஊர்? மூணையும் விட்டுட்டு வருஷம் மட்டும் குடுத்தா நாங்க எங்கிருந்து தேடுறது?

திருமலை_வாசி:
1863 எண்டபடியால், தெற்கு மாநிலத் துறைமுகங்களை வடக்கு மறிச்ச அமெரிக்க உள்நாட்டுப் போராத்தான் இருக்கும். துறைமுகம் சார்ல்ஸ்டனோ, வில்மிங்டனோ, கால்வெஸ்டனோ? அதைச் சொன்னாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஆவிஎஞ்சின்:
பேர் தெரியாமலே சொல்றேன், இது ரெண்டு கப்பல். அந்தக் காலத்துல தளபதிகள் பேரை ஆளாளுக்கு வச்சாங்க. 'ராபர்ட் ஈ. லீ'யையே எடுத்துக்கோங்க, 1870-ல மிசிசிப்பில நாச்செஸ் கூட பந்தயம் ஓடி ஜெயிச்ச ஆற்றுப்படகும் அதே பேர்தான். எவனோ ரெண்டையும் ஒட்டி வச்சிருப்பான்.

பழுப்பேடு:
இந்தப் பகுதில வருஷத்துக்கு நாலு தடவை இதே கேள்வி வருது. முதல்ல கடற்படையோட கப்பல் பதிவைப் படிக்கணும், அப்புறம் கேள்வி கேக்கணும். பேரை வச்சுத் தேடுறவங்களுக்கு எப்பவும் இந்தக் குழப்பம்தான்.

முத்துச்சிப்பி:
ஆஃபீஸ்ல இருந்தேன், இப்பதான் பார்த்தேன். கப்பல் ராபர்ட் ஈ. லீதான். ஆற்றுப்படகு இல்ல, கடல்ல ஓடினது. ஊர் வட கரோலைனா வில்மிங்டன். 1865-ல கப்பல் பேர் ஃபோர்ட் டொனல்சன்னு இருக்கு. ஆனா படத்தைப் பார்த்தா அதே உடம்பு, அதே துடுப்புச் சக்கரம்.

சுக்கான்:
இதை முதல்லயே போட்டிருந்தா இவ்வளவு நேரம் ஆகியிருக்காதே! உங்க வருஷம் ரெண்டும் சரி. நடுவுல கப்பல் பிடிபட்டுது, அவ்வளவுதான்.

ஆவிஎஞ்சின்:
ஆனாலும் டன் கணக்கு ஒத்துப்போகாது, பாருங்க. பிரிட்டிஷ் கணக்குல ஒரு எண், அமெரிக்கக் கணக்குல வேற எண். அதனாலதான் ரெண்டு கப்பல்னு சொல்றேன்.

சுக்கான்:
அண்ணே, பிரிட்டிஷ் பதிவு டன்ல எஞ்சின் அறை இடத்தைக் கழிச்சிடுவாங்க. அமெரிக்காக்காரங்க அளக்குற முறை வேற. ஒரே உடம்புக்கு ரெண்டு எண் வர்றது அந்தக் காலத்துல சாதாரணம். நீங்க சொல்ற ஆற்றுப்படகு கட்டினதே 1866-ல. அது 1863-ல எப்படி ஓடும்?

பழுப்பேடு:
சரி, ஒரு தடவை முழுசா எழுதுறேன். இனி இந்தக் கேள்வி வந்தா இதைக் காட்டி அனுப்புங்க.

1860-ல கிளாஸ்கோல இரும்பு உடம்போட கட்டினது. பேர் ஜிராஃப். கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் நடுவுல பயணிகளை ஏத்திக்கிட்டு ஓடின வேகமான கப்பல். 1862-ல தெற்கு மாநிலங்களோட கடற்படை அதிகாரி ஜான் வில்கின்சன் இதை வாங்கினார். முதல் பயணத்துல துப்பாக்கி, சரக்கோட கூட ஸ்காட்லாந்துல இருந்து 26 கல்லச்சு (லித்தோகிராஃப்) அச்சுத் தொழிலாளிகளும் வந்தாங்க, தெற்கு அரசாங்கத்துக்கு நோட்டு அடிக்கிறதுக்காக. 1862 டிசம்பர் கடைசில, வில்மிங்டன் இருக்குற கேப் ஃபியர் ஆத்துக்குள்ள நுழைஞ்சுது. அப்புறம்தான் 'ராபர்ட் ஈ. லீ'ன்னு பேர் மாறிச்சு. தன் தலைமைல மட்டும் 21 தடவை முற்றுகையைத் தாண்டினதா வில்கின்சனே எழுதி வச்சிருக்கார்.

1863 அக்டோபர்ல அவர் வேற வேலையா ஹாலிஃபாக்ஸ் போனார். அடுத்து வேற கேப்டன். பெர்முடால இருந்து திரும்பும்போது 1863 நவம்பர் 9-ந் தேதி வடக்குக் கடற்படைக் கப்பல் ஜேம்ஸ் ஆட்ஜர் பிடிச்சுது. பாஸ்டன் நீதிமன்றத்துல வழக்கு நடந்து பறிமுதல் உறுதியாச்சு. 1864 தொடக்கத்துல வடக்குக் கடற்படையே விலைக்கு வாங்கி, பீரங்கி ஏத்தி, 1864 ஜூன் 29-ல ஃபோர்ட் டொனல்சன்னு பணிக்கு எடுத்துது. நீங்க 'தகவல் இல்ல'ன்னு சொல்ற மாசங்கள் நீதிமன்றமும் பட்டறையும். 1865 ஜனவரி 13 முதல் 15 வரைக்கும், அந்த ஆத்து வாசலைக் காத்த தெற்குக் கோட்டை ஃபோர்ட் ஃபிஷர் மேல நடந்த தாக்குதல்ல இருந்துது. போர் முடிஞ்சு 1865-லயே வித்துட்டாங்க, பேர் இசபெல்லா ஆச்சு.

இதுல தேட என்ன இருக்கு?

திருமலை_வாசி:
விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனா அந்தப் பிள்ளைக்கு இன்னொரு விசயமும் சொல்ல வேணும். பிடிச்ச கப்பலைப் பிடிச்சவையே பாவிக்கிறது ஒரு விதிவிலக்கு இல்லை. லீ பிடிபடுறதுக்கு முதல் நாள், நவம்பர் 8, முற்றுகையைத் தாண்டி ஓடின கார்னூபியா எண்ட கப்பல் பிடிபட்டது. அதிலயிருந்து கடலுக்குள்ள எறிஞ்ச கடதாசிப் பையை வடக்குக்காரர் எடுத்திட்டினம். லீ பிடிபட்ட அதே 9-ந் தேதி 'எல்லா அண்ட் ஆனி' எண்ட கப்பலும் அகப்பட்டது. அது பிறகு மால்வர்ன் எண்ட பேரில வடக்கு அட்மிரல் போர்ட்டரின்ர தலைமைக் கப்பல். 1865 ஏப்ரலில ஜனாதிபதி லிங்கன் தெற்கின்ர தலைநகர் ரிச்மண்டுக்குப் போக வெளிக்கிட்டதும் அதிலதான். பிடிச்ச ஜேம்ஸ் ஆட்ஜர்கூட போருக்கு முந்தி நியூயார்க்கில இருந்து சார்ல்ஸ்டனுக்குப் பயணியளை ஏத்தின கப்பல், பேர்கூட சார்ல்ஸ்டன் வியாபாரி ஒருத்தருடையது. பிடிச்ச கப்பல் வித்த காசில பாதி பிடிச்ச கப்பல்காரருக்குப் போகும். அதனால முடிஞ்சவரைக்கும் கொளுத்தாமல் இழுத்துக்கொண்டு போனவை.

ஆவிஎஞ்சின்:
லீ ஏன் மாட்டுச்சுன்னு யாரும் பேசல. நிலக்கரிதான் எல்லாம். வேல்ஸ் கரி புகையில்லாம எரியும். வட கரோலைனா கரி தூசி. 1863 ஆகஸ்ட்ல ஒரு வடக்குக் கப்பல் துரத்துறப்ப நல்ல கரி தீர்ந்துபோச்சு. மேல்தளத்துல சரக்கா ஏத்தி வச்சிருந்த டர்பென்டைன்ல பஞ்சை முக்கி அடுப்புல போட்டிருக்காங்க. ஆவி ஏறிச்சு, கப்பல் பறந்துச்சு. கொஞ்ச நேரத்துல எரிஞ்ச பஞ்சு குழாயெல்லாம் அடைச்சு ஆவி இறங்க ஆரம்பிச்சுது. பொழுது சாயுற நேரத்துல வில்கின்சன் என்ன பண்ணார் தெரியுமா? தூள் கரியை அள்ளிப் போடச் சொல்லி வேணும்னே கரும்புகை கிளப்பினார். துரத்துறவன் கண்ணுக்குத் தெரியாம போனதும் டேம்பரை (புகைபோக்கி அடைப்பை) மூடி, புகையை நிறுத்தி, கப்பலை வேற திசைக்குத் திருப்பிட்டார். வடக்குக் கப்பல் புகை போன பக்கமே போச்சு. எஞ்சினும் கரியும் புரிஞ்சவன் கைல இருந்த வரைக்கும் கப்பல் மாட்டல.

நெல்லைப்பஞ்சு:
அருமையான கதை. ஆனா 21 தடவை ஒரு கப்பல் தாண்டியிருக்குன்னா அதை முற்றுகைன்னு எப்படிச் சொல்றது? கடல் போருக்கு விதி சொன்ன 1856 பாரிஸ் பிரகடனப்படி முற்றுகை நிஜமா தடுக்கணும், காகிதத்துல அறிவிச்சா செல்லாது. லிங்கன் 1861 ஏப்ரல் 19-ல அறிவிச்சப்ப 3,500 மைல் கரைக்கு எத்தனை கப்பல் இருந்துச்சு?

சுக்கான்:
இருந்தது கொஞ்சம்தான், ஒத்துக்கிறேன். ஆனா வில்மிங்டன் தனிக் கணக்கு. கேப் ஃபியர் ஆத்துக்கு ரெண்டு வாசல், நடுவுல தீவு, அதுக்கு முன்னாடி கடலுக்குள்ள நீளமா ஃபிரையிங் பேன் மணல்திட்டு. ரெண்டையும் காக்க சுமார் 50 மைல் வளைச்சு நிக்கணும். ஃபோர்ட் ஃபிஷர் பீரங்கிக்குப் பயந்து கிட்டயும் வர முடியாது. அந்த ஓட்டைய வச்சு மொத்த முற்றுகையை அளக்கக் கூடாது. சின்ன பாய்மரக் கப்பல், பெரிய பஞ்சுக் கப்பல் எல்லாம் வர்றதே நின்னுபோச்சே, அதைக் கணக்குல சேருங்க. லீ மாதிரி ஒல்லியான கப்பல்ல எத்தனை பேல் (பஞ்சுப் பொதி) ஏறும்?

நெல்லைப்பஞ்சு:
பஞ்சு நின்னதுக்கு முதல் காரணம் முற்றுகையே இல்ல. 1861-ல தெற்குக்காரங்களே பஞ்சை அனுப்பாம பிடிச்சு வச்சாங்க, இங்கிலாந்து பணிஞ்சு வரும்னு நம்பி. முற்றுகை பலவீனமா இருந்த அந்த வருஷமே ஏத்தி அனுப்பியிருந்தா கதையே வேற. இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பஞ்சுக்குத் திரும்பி, சூரத் பஞ்சும் எங்க திருநெல்வேலிப் பஞ்சும் விலை ஏறிச்சு. கரிசக்காட்டுச் சம்சாரி கைல காசு புரண்டுச்சு. 1865-ல போர் முடிஞ்சதும் விலை விழுந்து, கடன் வாங்கி விதைச்சவன் தெருவுல நின்னான். எங்க ஊருக்கு இது வெறும் கப்பல் கதை இல்ல.

பழுப்பேடு:
கேள்வி கப்பலோட பணி வரலாறு. பஞ்சு விலைக்குத் தனி இழை போடுங்க.

நெல்லைப்பஞ்சு:
ஐயா, அந்தக் கப்பல் வயித்துல வேற என்ன இருந்துச்சு? பஞ்சை விட்டுட்டு லீ வரலாறு எழுத முடியுமா?

சுக்கான்:
ரெண்டு பேரும் விடுங்க. முத்துச்சிப்பி, அட்டவணையைப் பேர் வச்சுப் பிரிக்காதீங்க. ஒரே கப்பல், ஒரே வரிசை. ஜிராஃப், லீ, டொனல்சன், இசபெல்லா. பக்கத்துல கொடி யாரோடதுன்னு ஒரு கட்டம். நவம்பர் 9-க்கும் ஜூன் 29-க்கும் நடுவுல 'பறிமுதல் வழக்கு, பீரங்கி பொருத்துதல்'னு போடுங்க. மாதிரி எந்த வருஷத்துக்கு? லீயா இருந்தா மேல்தளத்துல பீரங்கி வைக்காதீங்க, சாம்பல் வண்ணம் அடிங்க. டொனல்சன்னா பீரங்கி வேணும்.

திருமலை_வாசி:
ஓம், அதைச் சொல்லுங்கோ பிள்ளை. எந்த வருசத்து மாதிரி?

முத்துச்சிப்பி:
1863. பீரங்கியைக் கழட்டிட்டேன். அட்டவணை சுக்கான் சார் சொன்னபடி ஒரே வரிசையா அச்சுக்குக் குடுத்தாச்சு, சரக்குக் கட்டத்துல பஞ்சும் சேர்த்திருக்கேன். எல்லாருக்கும் நன்றி, பெயிண்ட் காய வைக்கணும், வர்றேன்.

ஆவிஎஞ்சின்:
பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் புகைபோக்கியை ஒரு படம் எடுத்துப் போடும்மா. கரி விஷயம் இன்னும் முடியல.