மெயிலில் ஓடும் கவுண்ட்டவுன் டைமர்: தீபாவளி விற்பனைக்கு வைக்கலாமா?

அல்சூர் கார்த்தி
பெங்களூரு சிக்பேட்டையிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு நான்தான் மெயில் அனுப்புகிறேன். வாங்குபவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சிங்கப்பூர், துபாயிலும் கொஞ்சம் பேர் உண்டு. தீபாவளித் தள்ளுபடிக்கு எல்லா மெயிலிலும் மணி, நிமிடம், நொடி ஓடுகிற டைமர் வேண்டும் என்கிறார் முதலாளி. எனக்கும் அது சரியென்றே படுகிறது. விற்பனை முடிந்த மறுநாள் ‘அய்யோ, நேற்றோடு முடிந்துவிட்டதா’ என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் டீமில் ஒருவர், இது வாங்குகிறவரைப் பதற வைக்கிற வேலை என்று ஒரே பிடியாக நிற்கிறார். மெயில் அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கோரமங்களா மைதிலி
உங்கள் டீமில் இருப்பவர் பக்கம்தான் நான். ஆன்லைன் விற்பனையில் கஸ்டமர் சப்போர்ட் பார்க்கிறேன். சேல் முடிந்த பிறகு வரும் போன்களை எடுப்பது நாங்கள்தான். ‘நேரம் முடியப் போகுதுன்னு போட்டிருந்தீங்க, அவசரத்துல கலர் பார்க்காம எடுத்துட்டேன்’ என்று சொல்லி ரிட்டர்ன் கேட்பவர்கள் ஏராளம். சேலை என்பது அக்காவுக்கு போட்டோ அனுப்பி, அம்மாவிடம் கேட்டு, பிளவுஸுக்கு ஒத்துவருமா என்று பார்த்து எடுக்கிற பொருள். அந்தப் பேச்சுக்கு நடுவில் நொடி முள்ளைக் கொண்டுவந்து நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

சட்டத்தையும் பாருங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்களை, அதாவது வாங்குபவரை ஏமாற்றித் தூண்டும் வடிவமைப்பு உத்திகளைத் தடுக்க வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. அதில் இருக்கும் 13 வகைகளில் முதலாவதே பொய்யான அவசரம் காட்டுவது. பெரிய தளங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், விற்பனையாளரையும் விளம்பரதாரரையும் சேர்த்தே சொல்கிறது. 2025 ஜூனில், மின்வணிகத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியது.

ஹெச்எஸ்ஆர் பிரபு
மைதிலி, அந்த விதி தடுப்பது பொய்யான அவசரத்தை. வெள்ளிக்கிழமை நள்ளிரவில் தள்ளுபடி நிஜமாகவே முடிகிறது என்றால் அதைச் சொல்வதில் பொய் எங்கே வந்தது? ஆடித் தள்ளுபடி ஆடியோடு போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் அதை மிரட்டல் என்று சொல்வதில்லை. முடிவு நேரத்தை மறைப்பதுதான் வாங்குபவருக்குச் செய்கிற அநியாயம்.

கார்த்திக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘இன்று இரவு 12 மணி வரை’ என்று எழுதினால் யாருடைய 12 மணி? சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். ‘இன்னும் 5 மணி நேரம்’ என்பது எந்த ஊரில் படித்தாலும் 5 மணி நேரம்தான். எழுத்தில் வரும் குழப்பத்தை டைமர் தீர்த்துவிடுகிறது.

இளங்கோ
பிரபு சொன்ன அந்த ‘எந்த ஊரில் படித்தாலும்’ என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மெயில் டெம்ப்ளேட் எழுதுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது தெரியாமல்தான் பலர் டைமர் வாங்கி ஒட்டுகிறார்கள்.

மெயிலுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. அதனால் நீங்கள் பார்ப்பது நிஜக் கடிகாரம் இல்லை, பிரேம் எனப்படும் பல படங்களை அடுத்தடுத்துக் காட்டி அசைகிற ஒரு ஜிஃப் படம். மெயிலைத் திறக்கும்போது படம் கேட்டு சர்வருக்குக் கோரிக்கை போகும். மீதி நேரம் எவ்வளவு என்று சர்வர் அந்தக் கணத்தில் கணக்குப் போட்டு, நொடிக்கு ஒரு பிரேம் என்று பெரும்பாலும் ஒரு நிமிட அளவுக்குப் படம் செய்து அனுப்பும். அந்த ஒரு நிமிடம் தாண்டியும் மெயிலைத் திறந்தே வைத்திருந்தால், திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் விட்ட ஜிஃப் முதல் பிரேமுக்குத் திரும்பிவிடும். கடிகாரம் பின்னால் போகும். கவனிக்கிறவர் கண்ணுக்கு அது தப்பாது.

அப்புறம் ஆப்பிள் மெயில். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 உடன் தனியுரிமைப் பாதுகாப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைப் போட்டிருப்பவர்களுக்கு, அவர்கள் மெயிலைத் திறக்கும் முன்பே ஆப்பிள் பின்னணியில் படங்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம். காலையில் இறங்கிய படத்தில் 14 மணி நேரம் பாக்கி என்று இருக்கும். மாலையில் திறக்கிறவர் அதே 14-ஐப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு முடித்து நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடுவார். நீங்கள் நேர்மையாக வைத்த டைமரே அவரிடம் பொய் சொல்லியிருக்கும். ஜிமெயிலும் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாகத்தான் காட்டுகிறது, சேமித்தும் வைக்கும். சேமிக்க வேண்டாம் என்று படத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பில் (ஹெடர்) சொல்லாவிட்டால் பழைய நேரம் வரக்கூடும். விண்டோஸில் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு முதல் பிரேம் மட்டும் அசையாமல் நிற்கும்.

அதனால் டைமர் வைத்தாலும் கடைசித் தேதியையும் நேரத்தையும் எழுத்தில் போடுங்கள், இந்திய நேரம் என்று குறிப்பிட்டு. படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் ஆல்ட் வரியிலும் அதையே எழுதுங்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அந்த வரியைத்தான் வாசிக்கும்.

பானஸ்வாடி ரம்யா
நான் மெயில் அனுப்புகிறவள் இல்லை, வாங்குகிறவள். ஆன்லைன் வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்திடமிருந்து ‘கட்டணச் சலுகை 24 மணி நேரத்தில் முடிகிறது’ என்று டைமரோடு மெயில் வந்தது. சம்பளம் வரும் முன்பே கிரெடிட் கார்டில் கட்டினேன். அடுத்த வாரம் அதே சலுகை, அதே டைமர், அதே 24 மணி நேரம் என் தோழிக்கு வந்தது. பணத்தைவிட, என்னை அவசரப்படுத்தி ஏமாற்றினார்களே என்பதுதான் இன்னும் வலிக்கிறது. அவர்கள் அனுப்பும் எதையும் நான் இப்போது நம்புவதில்லை. இதற்கு என்ன பதில், பிரபு?

ஹெச்எஸ்ஆர் பிரபு
உங்கள் கோபம் நியாயம், ரம்யா. ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒருவர் மெயில் பட்டியலில் சேர்ந்த நேரத்திலிருந்து ஆளுக்கு ஆள் தனியாக ஓடுவதை எவர்கிரீன் டைமர் என்போம். உங்களுக்கான கூப்பன் கோடு உங்கள் 24 மணி நேரம் முடிந்ததும் நிஜமாகவே செல்லாமல் போனால் அது நேர்மையான சலுகைதான், உங்கள் தோழிக்கு அவருடைய நேரம். நேரம் முடிந்த பிறகும் அதே விலைக்குக் கொடுத்தால் மட்டுமே அது மோசடி.

கோரமங்களா மைதிலி
இதை நான் ஏற்கவே மாட்டேன். ‘சலுகை முடிகிறது’ என்று படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? எல்லாருக்கும் முடிகிறது என்றுதான். இன்னொரு மெயில் முகவரி கொடுத்தால் அதே விலை மறுபடி கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், ரம்யாவுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை வைத்துத்தான் டைமர் வேலை செய்கிறது. ‘நீங்கள் சேர்ந்ததற்கான வரவேற்புச் சலுகை, உங்களுக்கு 24 மணி நேரம்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள், அப்போது எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அப்படி எழுதினால் வேகம் குறையும் என்று எழுத மாட்டார்கள்.

2019-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களை மென்பொருள் வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். நேரம் முடிந்த பிறகும் அதே சலுகையைத் தொடர்கிற, பக்கத்தைத் திரும்பத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிற டைமர்கள் அதில் அகப்பட்டன. ரம்யாவுக்கு நடந்தது அபூர்வம் இல்லை.

அல்சூர் கார்த்தி
எவர்கிரீன் எங்களுக்கு வேண்டாம், அதை முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. தள்ளுபடி முடியும் நேரத்தை நாங்கள்தான் தீர்மானிக்கிறோம், அதனால் அதில் சந்தேகம் வரும். ஆனால் தீபாவளிக்கு முன் சேலை வீடு போய்ச் சேர வேண்டுமென்றால் இத்தனை மணிக்குள் ஆர்டர் வர வேண்டும் என்பது கூரியர் வண்டி கிளம்பும் நேரம். அதை நாங்கள் நினைத்தாலும் தள்ளிப்போட முடியாது. டைமரை அதற்கு வைத்தால்?

கோரமங்களா மைதிலி
அதற்கு வையுங்கள், கார்த்தி. பண்டிகைக்குப் பிறகு வந்து சேர்ந்த சேலைக்காக அழாத குறையாகப் பேசுகிறவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். அவர்களுக்கு முன்பே தெரிய வேண்டியது இந்த நேரம்தான்.

இளங்கோ
நல்ல யோசனை, ஆனால் ஒரே டைமர் போதாது. ஓசூருக்கு மறுநாள் போகிற பார்சல் நாகர்கோவிலுக்கு அப்படிப் போகாது, சிங்கப்பூர் கணக்கு முற்றிலும் வேறு. பின்கோடை வைத்து பட்டியலை மூன்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு நேரம் வையுங்கள். நொடியை எடுத்துவிட்டு நாள், மணி மட்டும் காட்டுங்கள். ஆப்பிள் மெயிலில் படம் பழையதாகிவிட்டாலும் தவறின் பாதிப்பு குறையும், ஓயாத அசைவால் படிக்கத் திணறுகிறவர்களுக்கும் தொந்தரவு இருக்காது.

ஹெச்எஸ்ஆர் பிரபு
நொடியை எடுத்தால் விற்பனை குறையும் என்பது என் கருத்து. ஆனால் கருத்தை விடுங்கள், சோதித்துப் பாருங்கள். பட்டியலில் ஒரு பகுதிக்கு டைமர் இல்லாமல், எழுத்தில் தேதி மட்டும் போட்டு அனுப்புங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். படம் இறங்குவதை வைத்துத்தான் மெயில் திறந்ததாகக் கணக்கிடுவார்கள், ஆப்பிள் தானே படத்தை இறக்குவதால் அந்த எண் இப்போது நம்பத் தகுந்ததில்லை. ஆர்டரைப் பாருங்கள்.

கோரமங்களா மைதிலி
ஆர்டரை மட்டும் பார்த்தால் போதாது, பிரபு. ரிட்டர்னைக் கழித்துவிட்டு, தீபாவளி முடிந்து ஒரு மாதம் வரை சேர்த்துப் பாருங்கள். எப்படியும் வாங்கியிருக்கக் கூடியவரை இரண்டு நாள் முன்னால் இழுத்ததைக் கூடுதல் விற்பனை என்று எழுதிக்கொள்கிற வழக்கம் நம் தொழிலில் அதிகம். ஸ்பேம் புகாரையும் கவனியுங்கள். நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் அதை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கேட்கிறது. பதறவைக்கும் மெயில்களை நாள் தவறாமல் அனுப்பினால் அந்த எண் ஏறும்.

ஹெச்எஸ்ஆர் பிரபு
ரிட்டர்னைக் கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. தள்ளுபடிக்கு டைமர் கூடாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பானஸ்வாடி ரம்யா
கார்த்தி, ஒன்று கேட்கிறேன். நேரம் முடிந்ததும் ‘உங்கள் வேண்டுகோளுக்கு இணங்க இன்னும் ஒரு நாள்’ என்று மெயில் போடுவீர்களா?

அல்சூர் கார்த்தி
போன வருஷம் முதலாளி கேட்டார், போட்டோம். இந்தத் தடவை நீட்டிப்பு கிடையாது என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் தள்ளுபடிக்கு டைமர் வைப்பேன். இல்லாவிட்டால் கூரியர் நேரத்துக்கு மட்டும்தான். இளங்கோ, முடிவு நேரம் தாண்டி மெயிலைத் திறக்கிறவருக்கு 00:00 என்று நிற்காமல், ‘தீபாவளி டெலிவரி முடிந்தது, இனி வரும் ஆர்டர் பண்டிகைக்குப் பிறகே வந்து சேரும்’ என்று வேறு படம் காட்ட முடியுமா?

இளங்கோ
முடியும். முடிவு நேரத்துக்குப் பிறகு வரும் கோரிக்கைக்கு சர்வர் அந்தப் படத்தை அனுப்பினால் போதும். முன்பே படத்தை இறக்கி வைத்த ஆப்பிள் மெயிலுக்கு மட்டும் அது போய்ச் சேராமல் போகலாம், அதனால் செக்அவுட் பக்கத்திலும் அதே வரியைப் போட்டுவிடுங்கள்.